‘உள்ளே தேடு’ என்னும் அரைகுறை உபதேசம்

அமைதி உனக்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே தேடி அலையாதே: இந்த ஒரு வாக்கியத்தை மறுத்துப் பேச இன்று ஆளே இல்லை. நாள்காட்டித் தாளின் அடியில் அது இருக்கிறது. பட்டிமன்ற நடுவரின் தீர்ப்புரையில் கைதட்டல் வாங்குகிறது. காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் தாமரைப் பூவோடு வந்து சேர்கிறது. ஆத்திகருக்கும் பிடிக்கிறது, கோயில் வாசலை மிதிக்காதவருக்கும் பிடிக்கிறது. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்க வகுப்பு எடுக்க வருகிறவருக்கு ரொம்பவே பிடிக்கிறது. முதலாளியும் தொழிலாளியும், கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒருசேரத் தலையாட்டும் கருத்து எதுவானாலும் அதைக் கொஞ்சம் உரசிப் பார்ப்பது நல்லது. உரசிப் பார்த்தால் இதில் பாதிதான் பொன். அமைதி உணரப்படுகிற இடம் உள்ளே என்பது சரி. அது உண்டாகிற இடமும் உள்ளேதான் என்பது தவறு. பசி வயிற்றில்தான் தெரிகிறது. அதற்காகச் சோறு வயிற்றில் விளைவதில்லை.

இந்த உபதேசத்தில் இரண்டு கூற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பொருள் குவிப்பதாலும் பதவி பெறுவதாலும் ஊர் மெச்சுவதாலும் மனம் அடங்கிவிடாது என்பது ஒன்று. இதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆகவே வெளியே இருப்பவை எவையும் மன அமைதிக்குப் பொருட்டல்ல, உன் மனத்தை நீ சரிசெய்துகொண்டால் போதும் என்பது மற்றொன்று. முதல் கூற்றிலிருந்து இரண்டாவதற்குத் தாவுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. ‘கோடீசுவரனுக்கும் ராத்திரியில் தூக்கம் வருவதில்லையே’ என்று உடனே கேட்பார்கள். வருவதில்லைதான். வேண்டியதற்கு மேல் இருப்பது அமைதி தராது என்றே அதற்குப் பொருள். வேண்டியதே இல்லாமல் போவது அமைதியைக் கெடுக்காது என்று அதிலிருந்து எப்படிப் பெறுவது? பங்களாவில் தூக்கம் இல்லை என்பதற்காக ஒழுகும் கூரைக்கடியில் நல்ல தூக்கம் வந்துவிடாது. மேலும், வெளியே இருப்பவை என்றாலே பணமும் பண்டமும் என்று இவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு மலை வெளியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் வெளியே இருக்கிறார். செய்கிற வேலையும், பார்த்துக்கொள்ள வேண்டிய நோயாளியும், மாட்டுத் தொழுவமும் வெளியேதான். இவற்றையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிச் ‘சடப்பொருள் மோகம்’ என்று பெயர் எழுதிப் பரண்மேல் போட்டுவிடுவதில்தான் கோளாறு தொடங்குகிறது.

உள்முகத் தேடலுக்குத் தமிழ்நாட்டில் முதல் சாட்சியாகக் கூண்டேற்றப்படுகிறவர் ரமண மகரிஷி. அவரையே குறுக்கு விசாரணை செய்வோம். 1896 ஜூலையில் மதுரையில் தம் சிற்றப்பா வீட்டு மாடியில், பதினாறு வயதில், அவருக்கு மரண அனுபவம் நேர்ந்தது. பிணம்போல் கைகால்களை நீட்டிப் படுத்து, உடல் செத்தபின் எஞ்சுவது எது என்று பார்த்தார், விடை கிடைத்துவிட்டது. உள்ளே தேட வேண்டியதைத் தேடி முடித்தாயிற்று. ‘வெளியே ஒன்றும் இல்லை’ என்பவர்களின் கணக்குப்படி அந்தப் பையன் மதுரையிலேயே இருந்திருக்கலாம். ஆன்மாவுக்கு மதுரை என்ன, திருவண்ணாமலை என்ன? ஆனால் நடந்தது வேறு. ஆகஸ்ட் 29 அன்று வீட்டைவிட்டுக் கிளம்பினார். ரயிலிலும் கால்நடையாகவும் போய், வழியில் கையிருப்புத் தீர்ந்ததும் காதில் கிடந்த கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கிக்கொண்டு, செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தார். அதற்குப் பிறகு 1950 ஏப்ரலில் உடலை விடும்வரை அந்த மலையின் எல்லையைத் தாண்டவில்லை. குகை மாறியது, ஆசிரமம் வந்தது, உலகப் போர்கள் இரண்டு வந்து போயின, மலை மட்டும் மாறவில்லை. அதைச் சுற்றி நடந்தார். அதன்மேல் துதிகள் பாடினார். அவற்றில் அட்சரமணமாலை எப்படிப் பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது: உடனிருந்த சாதுக்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போகும்போது பாடிக்கொண்டு போக ஒரு பாட்டு கேட்டார்கள். நாலு பேருக்கு அன்றைய சோறு கிடைக்க வேண்டும் என்ற வெளித்தேவை அந்தப் பாட்டின் பின்னணியில் இருக்கிறது.

அடியார்கள் உடனே சொல்வார்கள்: ‘அவருக்கு அருணாசலம் வெளியே நிற்கும் கல்மலை அல்ல, அதுவே ஆன்மா.’ ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிச் சொன்ன கணமே உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே அவர்கள் போட்ட வேலி விழுந்துவிடுகிறது. ஒரு மலை உள்ளே இருக்க முடியும் என்றால், ஒரு சமையலறையும் உள்ளே இருக்க முடியும். உண்மையிலேயே அவருடைய வாழ்க்கையில் சமையலறைக்கு அப்படியொரு இடம் இருந்தது. பல ஆண்டுகள் விடிவதற்கு வெகு முன்பே எழுந்து போய்க் காய் நறுக்குவார், சட்டினிக்கு அரைப்பார், பிறர் தூக்கி எறியும் தண்டையும் தோலையும் எப்படிக் கறியாக்குவது என்று சமையல் செய்யும் பெண்களுக்குச் சொல்லித் தருவார். தமக்கென்று தனியாக ஒரு பட்சணம் வந்தால் ஏற்கமாட்டார். பந்தியில் எல்லாருக்கும் போடுவதே தமக்கும். லட்சுமி என்ற பசு 1948இல் இறந்தபோது அதற்குச் சமாதி எழுப்பச் செய்தார். இவையெல்லாம் ஞானிக்கு இருந்த ஓரச் சுவாரசியங்கள், மையம் மௌனம்தான் என்று வாழ்க்கை வரலாற்றைப் பிரித்துப் படிப்பது வாசகருக்கு வசதி. அந்த மனிதர் அப்படிப் பிரித்து வாழ்ந்ததாகத் தெரியவில்லை.

அவர் உயிரோடு இருந்ததற்கே பிறர் காரணம் என்பதும் மறக்கப்படுகிறது. பாதாள லிங்கக் குழியில் பூச்சிகள் தொடையை அரித்தது தெரியாமல் அமர்ந்திருந்த இளைஞரை வெளியே தூக்கி வந்து, வாயில் உணவை ஊட்டிக் காப்பாற்றியவர்கள் இருந்தார்கள். பழனிசாமி என்பவர் நிழல்போல் கூடவே இருந்து பணிவிடை செய்தார். பிறகு எச்சம்மாள் வந்தார். கணவனையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்தவர். துக்கம் தாளாமல் ஊர் ஊராகச் சுற்றியவர். விரூபாட்ச குகையில் ரமணர் எதிரே நின்றபோது பாரம் இறங்கியது என்று அவர் கதையைச் சொல்பவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் பாரம் இறங்கிய பெண் அதன்பின் என்ன செய்தார்? திருவண்ணாமலையிலேயே ஒரு வீடு பார்த்துக்கொண்டு, அன்றாடம் சமைத்துப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு மலையேறிப் போய்க் கொடுத்தார். 1945இல் கண்மூடும்வரை பல பத்தாண்டுகள் இது நடந்தது. ஒருமுறை கிடைத்த அமைதியைத் தினமும் அரிசி களைந்து, அடுப்பு மூட்டி, படியேறித்தான் அவர் கைவிடாமல் வைத்துக்கொண்டார். அந்த அம்மாளிடம் போய் ‘அமைதி உங்களுக்குள்ளேயே இருக்கிறது, எதற்கு இந்தத் தூக்குச் சுமை?’ என்று கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

வள்ளலார் விஷயத்தில் இந்த மறதி இன்னும் அப்பட்டமானது. அகத்தில் இருக்கும் அருட்பெருஞ்சோதியைப் பற்றி அவரைப்போல் பேசியவர் இல்லை. சாதி, சமய, சாத்திரக் குப்பைகளை அவரைப்போல் ஒதுக்கியவரும் குறைவு. அதனால் இன்று உள்முகத் தியானத்தின் விளம்பரப் பலகைகளில் எல்லாம் வெள்ளாடை போர்த்திய அவருடைய படம். ஆனால் அந்த மனிதர் செய்த வேலைகளின் வரிசையைப் பாருங்கள். 1865இல் சங்கம் நிறுவினார். 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். அதற்கு ஐந்தாண்டு கழித்து, 1872இல்தான் சோதி வழிபாட்டுக்கான சத்திய ஞானசபை வந்தது. முதலில் சோறு, பிறகு சோதி. பார்வதிபுரம் மக்கள் கொடுத்த நிலத்தில் மூட்டிய அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. தற்செயலாக அமைந்த வரிசை இது என்று யாரும் சொல்லிவிட முடியாதபடி அவரே காரணமும் எழுதி வைத்திருக்கிறார். சீவகாருணிய ஒழுக்கம் என்ற உரைநடை நூலில், பசி ஒரு மனிதனை என்ன செய்கிறது என்பதை வைத்தியர் நோயைப் படிப்படியாகக் குறித்து வைப்பதுபோல் எழுதுகிறார்: அறிவு மங்குவதிலிருந்து கண் குழிவது, காது அடைப்பது, நாக்கு உலர்வது வரை. உணவு உள்ளே போனதும் இவை ஒவ்வொன்றாகத் திரும்புவதையும் சொல்கிறார். தியானமும் தவமும் யோகமும் செய்கிறவர்களே ஆனாலும் பிற உயிரின் பசிக்கு இரங்காதவர்கள் அருளுக்குத் தகுதியற்றவர்கள் என்பதிலும் அவருக்குத் தயக்கமில்லை. தியானத்தைக் கேவலப்படுத்த அல்ல, தியானத்துக்கு முன்நிபந்தனை விதிக்கவே அவர் இதைச் சொன்னார். அந்த நிபந்தனையைக் கத்தரித்துவிட்டுப் படத்தை மட்டும் மாட்டுவது நேர்மை ஆகாது.

‘சித்தர்கள் கல்லையும் சடங்கையும் எள்ளி நகையாடவில்லையா?’ என்பது அடுத்த அம்பு. நகையாடினார்கள். சிவவாக்கியர் விளாசியிருக்கிற அளவுக்கு இன்று யாராவது மேடையில் பேசினால் வழக்கு பாயும். ஆனால் அவர்கள் தாக்கியது, செய்தால் போதும் என்று மனமில்லாமல் செய்கிற சடங்கையும், அதைவைத்துப் பிழைக்கிற அதிகாரத்தையும். வெளியுலகத்தை அவர்கள் வெறுத்ததாகச் சொன்னால் சித்த வைத்தியம் சிரிக்கும். வேரும் பட்டையும், உப்பும் பாடாணமும், நாடித்துடிப்பும் என்று பருப்பொருளில் இவ்வளவு மூழ்கியவர்கள் வேறு எந்த ஞானப் பரம்பரையிலும் அரிது. பழனி முருகனின் நவபாடாணச் சிலையைச் செய்தவர் போகர் என்பது மரபு. சிலையை மறுத்தவர்கள் என்று நாம் எண்ணும் கூட்டத்திலிருந்தே சிலை செய்தவர் பெயரும் வருகிறது. திருமூலரோ உடம்பைப் பேணுவதையே உயிரைப் பேணும் வழியாகப் பார்த்தார். கோயிலில் இருக்கும் கடவுளுக்குக் கொடுப்பது மனிதரைச் சேராது, மனிதருக்குக் கொடுப்பதோ கடவுளைச் சேரும் என்ற பொருளில் பாடினார். அப்பர் இவர்களுக்கும் வேறான உதாரணம். புண்ணிய நதிகளில் போய் முழுகுவதால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்டுப் பதிகம் பாடியவர் அவர். அதே அப்பரைச் சிற்பிகள் எப்படி வடித்தார்கள்? தோளில் உழவாரப் படையோடு. கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லைச் செதுக்கிக்கொண்டே பாடினவர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தரும் அவரும் இறைவனிடம் நாள்தோறும் படிக்காசு பெற்று அடியாருக்குச் சோறு போட்டார்கள் என்கிறது பெரியபுராணம். தீர்த்தமாடுவதை அவர் கேள்வி கேட்டார். ஆனால் கையில் இருந்த கருவியைக் கீழே வைக்கவில்லை. அவர் கண்ட வேறுபாடு உள்ளே, வெளியே என்பதல்ல; ஈடுபாடு இருக்கிறதா, இல்லையா என்பது.

தமிழை விட்டு வெளியே போனாலும் இதுதான். புத்தர் ஆறாண்டு பட்டினி கிடந்து உள்ளே தேடினார், எலும்பு துருத்தியது, ஞானம் வரவில்லை. சுஜாதை கொடுத்த பால்சோற்றை உண்டபின்தான் போதிமரத்தடி இரவு வந்தது என்கிறது பௌத்த மரபு. தம்மபதத்தின் பழைய உரையில் ஆளவி நகரத்துக் கதை ஒன்று இருக்கிறது. புத்தர் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேட்டு ஓர் ஏழை உழவன் கிளம்புகிறான். கிளம்பும் நேரம் பார்த்து மாடு காணாமல் போகிறது. தேடிப் பிடித்துக் கட்டிவிட்டுச் சாப்பிடாமல் ஓடி வருகிறான். புத்தர் அதுவரை பேச்சைத் தொடங்காமல் காத்திருக்கிறார். அவன் வந்ததும் உபதேசம் செய்யவில்லை. எஞ்சிய உணவு இருக்கிறதா என்று கேட்டு முதலில் அவனுக்குப் போடச் சொல்கிறார். சீடர்கள் முணுமுணுக்கிறார்கள். பசியோடு இருப்பவனுக்குத் தருமம் விளங்காது என்பது அவர் விளக்கம். அந்தச் சமயத்தின் தமிழ்க் காப்பியமான மணிமேகலையில் துறவு பூண்ட பெண்ணின் கையில் அட்சய பாத்திரம் இருப்பதும், அவள் சொல்லிச் சிறைக்கூடம் அறச்சாலையாக மாறுவதும் இதே சிந்தனையின் நீட்சி. பிக்குகள் தாமே சமைத்துக்கொள்ளாமல் தினமும் வீடு வீடாகப் பிச்சை ஏற்க வேண்டும் என்ற விதியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது: நிர்வாணத்தைத் தேடுகிறவனும் நாளை காலை ஊரார் முகத்தில் விழித்தாக வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குகிறவர்களுக்கு, ரமணர் அமர்ந்திருந்த அதே திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து புதிய சாட்சியம் ஒன்று தருகிறேன். 2013இல் சயின்ஸ் ஆய்விதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகியோரின் கட்டுரை ஒன்று வெளிவந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அவர்கள் இரண்டு முறை சோதித்தார்கள்: அறுவடைக்கு முன்பு ஒருமுறை, பணம் கைக்கு வந்த பிறகு ஒருமுறை. கரும்புக்காரருக்கு வருமானம் மாதாமாதம் வருவதில்லை. வெட்டி ஆலைக்கு அனுப்பினபின் மொத்தமாக வருகிறது. வெட்டும் தேதியோ ஆலையின் கொள்ளளவைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும், ஆகவே மழை, வெயில், பண்டிகை என்று காலத்தின்மேல் பழிபோடவும் வழியில்லை. அதே மனிதர், அதே மூளை. அறுவடைக்கு முன்பு நகைநட்டு அடகில் இருக்கிறபோது புதிர்ப் படங்களை நிரப்புவதிலும் கவனத்தை அடக்கிப் பதில் சொல்வதிலும் தடுமாறினார். பணம் வந்தபின் தெளிவாகச் செய்தார். இது மன அமைதியை அளந்த ஆய்வு அல்ல, அறிவின் கூர்மையை அளந்தது. ஆனால் ‘நான் யார்’ என்று விசாரிக்க எந்தக் கருவி வேண்டுமோ அந்தக் கருவியைத்தான் அளந்தது. கவனம் இல்லாமல் உள்முகம் ஏது? அந்தக் கவனமே கடன்காரரின் தவணைத் தேதியால் தின்னப்படுகிறது என்றால், ‘எல்லாம் உன் மனத்தில் இருக்கிறது’ என்று அந்த விவசாயியிடம் சொல்வது அவருடைய பணத்தட்டுப்பாட்டை அவருடைய குணக்கேடாக மாற்றிவிடுகிற வேலை. பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று நம் பாட்டிகள் சொன்னதை ஆய்விதழ் உறுதிசெய்ய வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இனிமேல்தான் வருகிறது. சிறையிலும் வதைமுகாமிலும் எல்லாம் பறிக்கப்பட்ட நிலையிலும் சிலர் நிலைகுலையாமல் இருந்திருக்கிறார்களே, அது உள்ளேயிருந்து வந்த அமைதி இல்லாமல் வேறென்ன? இதற்கு எல்லாரும் மேற்கோள் காட்டுவது விக்டர் ஃபிராங்கலை. ஆஷ்விட்ஸ் உட்பட நாஜி முகாம்களில் இருந்து மீண்ட வியன்னா மனநல மருத்துவர். சூழல் என்னவாயினும் அதற்கு எப்படி முகம் கொடுப்பது என்ற சுதந்திரத்தை மனிதனிடமிருந்து பறிக்க முடியாது என்று எழுதியவர். அந்த ஒரு கருத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறவர்களே அதிகம். அதே புத்தகத்தில், உயிரை விட்டுவிட நினைத்த இரண்டு கைதிகளை எது பிடித்து நிறுத்தியது என்றும் எழுதியிருக்கிறார். ஒருவருக்கு வேறு நாட்டில் ஒரு குழந்தை காத்திருந்தது. மற்றவர் ஓர் அறிவியலாளர். எழுதத் தொடங்கிய நூல்வரிசை முடியாமல் கிடந்தது. குழந்தையும் வெளியே, நூலும் வெளியே. வாழ்வின் பொருளை மனத்துக்குள் மூடிவைத்துத் தேடாதே, உலகத்தில் தேடு என்பதுதான் ஃபிராங்கல் தம் சிகிச்சைமுறைக்கே அடிப்படையாக வைத்த கருத்து. உள்முகவாதிகள் தங்கள் சாட்சியாக அழைக்கிற மனிதர் எதிர்த்தரப்புக்குச் சாட்சி சொல்கிறார். இன்னொன்றும் உண்டு: வதைமுகாமில் ஒருவர் கலங்காமல் இருந்தார் என்பது அவருடைய பெருமை. அதை எடுத்து, முகாமை நடத்தினவனின் குற்றத்தைக் குறைக்க யாரும் துணிவதில்லை. சம்பளம், குடிசை, சாதி என்று வந்தால் மட்டும் துணிகிறார்கள்.

ரமணரிடம் உலகத்தைத் திருத்துவது பற்றிக் கேட்டவர்களுக்கு அவர் முதலில் உன்னைத் திருத்திக்கொள் என்று சொல்லவில்லையா? சொன்னார், பலமுறை. இதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் கேட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் படித்தவர்கள், வேளை தவறாமல் சாப்பிடுகிறவர்கள். உலகத்தைத் திருத்தும் ஆசையில் தன் அகந்தையை ஊட்டி வளர்க்கிற ஆபத்து அவர்களுக்கு உண்டு. அந்த நோய்க்கு அது மருந்து. இல்லறத்தை விட்டு ஓடி வரட்டுமா, சந்நியாசம் தாருங்கள் என்று வந்தவர்களுக்கு அவர் காவி கொடுக்கவில்லை. இருக்கிற இடத்தில் இருந்து செய்கிற வேலையைச் செய் என்று திருப்பி அனுப்பினார். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டை ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுப்பது வைத்தியம் ஆகாது.

அப்படியானால் பரிகாரத் தலங்களுக்கு வேன் வைத்துப் போகச் சொல்கிறாயா, ராசிக்கல் மோதிரம் வாங்கச் சொல்கிறாயா என்று கேட்கலாம். இல்லை. ஒரே நாளில் ஒன்பது கோயில், நடுவில் சாப்பாடு, மாலையில் கும்பகோணத்தில் பாத்திரக்கடை என்று முடிகிற நவக்கிரகச் சுற்றுலாவும், மூன்று நாள் மௌன முகாமுக்கு முன்பணம் கட்டுவதும் எனக்கு ஒரே சரக்காகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் அமைதி என்பது விலைக்கு வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகிற பண்டம். ஒன்று கோயிலில் விற்கிறது, மற்றொன்று மனத்தில் விற்கிறது. நான் வெளியே என்று சொல்வது, நம்மிடம் எதையாவது கேட்கிறவற்றை: ஒரு மலை ஐம்பதாண்டு அங்கேயே இருக்கச் சொல்கிறது, ஒரு அடுப்பு தினமும் விறகு கேட்கிறது, உழவாரப் படை குனியச் சொல்கிறது. இப்படிக் கேட்காத வெளியும் பயனில்லை, இப்படிக் கேட்காத உள்ளும் பயனில்லை. கோயில்களில் இன்றைக்கும் உண்மையிலேயே மனம் அடங்கித் திரும்புகிறவர்கள் யார் என்று பார்த்தால், சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கினவரைவிட, மடைப்பள்ளியில் கறிகாய் நறுக்கிக் கொடுக்கிற, பூத்தொடுக்கிற, தெப்பக்குளத்தில் தூர்வாரப் போகிற ஆட்கள் அதிகம் இருப்பார்கள் என்பது என் எண்ணம். இதற்கு என்னிடம் கணக்கெடுப்பு இல்லை.

வேறோர் இடத்தில் கணக்கெடுப்பு உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் வில்லியம் ஃபிளெமிங், பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் தரவை ஆராய்ந்து 2024இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மன ஒருமைப் பயிற்சி, மீள்திறன் வகுப்பு, தியானச் செயலி முதலியவற்றில் கலந்துகொண்டவர்கள், கலந்துகொள்ளாதவர்களைவிட மேலான மனநிலையில் இல்லை என்று அது காட்டியது. விதிவிலக்காகத் தெரிந்தது ஒன்றுதான்: பிறருக்குத் தொண்டு செய்யும் வாய்ப்பு. இது ஒரே சமயத்தில் எடுத்த தரவு, எது காரணம் எது விளைவு என்று அடித்துச் சொல்ல இதுமட்டும் போதாது. ஆனால் கிடைத்த விடை வள்ளலாருக்கு வியப்பாக இருந்திருக்காது. பிரிட்டனின் பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்து 2022இல் முடிவு வெளியான மன ஒருமைச் சோதனையும், அப்பயிற்சி வழக்கமான வகுப்புகளைவிட மனநலத்தில் மேலான பலன் தந்ததாகக் காட்டவில்லை.

தியானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இன்றைய மன ஒருமைப் பயிற்சிகளுக்கு மூலம், 1979இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தொடங்கிய வகுப்பு. அங்கே வந்தவர்களில் பலர் மருந்தால் முழுக்கத் தீராத நாட்பட்ட வலியோடு இருந்த நோயாளிகள். மருத்துவர்கள் பார்த்துவிட்டு அனுப்பிவைத்தவர்கள். மருத்துவம் செய்ய வேண்டியதைச் செய்தபின் எஞ்சும் வலியோடு வாழக் கற்றுத்தருவது அதன் நோக்கம். இன்று அலுவலகங்களுக்கு வந்து சேர்ந்திருப்பது அந்த வகுப்பு மட்டும்தான், மருத்துவமனை வரவில்லை. ஷிப்ட் மாறவில்லை, ஆள்பற்றாக்குறை தீரவில்லை, மேலாளரின் வாய் மாறவில்லை. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகும் மனம் அடங்காதவரை ‘மனப்பக்குவம் போதாது’ என்று கையைக் கழுவ வசதியாக இருக்கிறது.

நம் ஊர்த் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. கேரளம் 2018லேயே இதைச் செய்திருந்தது. அதுவரை கால் வீங்கி, நரம்பு சுருண்டு, வீட்டுக்குப் போய்ப் பிள்ளைமேல் எரிந்து விழுந்த பெண்ணிடம் ‘அமைதி உனக்குள் இருக்கிறது’ என்று எத்தனை ஆண்டு சொல்லியிருந்தாலும் அந்தக் காலின் வீக்கம் வடிந்திருக்காது. ஒரு முக்காலி வெளியே இருக்கிற பொருள்தான். மரமோ பிளாஸ்டிக்கோ, ஆன்மிகம் எதுவும் அதில் கிடையாது. ஆனால் பத்மாசனம் போடச் சொல்கிறவர்களும் முதல் பாடமாக உட்காரத்தானே சொல்கிறார்கள்? அந்தச் சட்டம் இருந்தும் இன்னும் முக்காலி போடாத கடைகள் இருக்கின்றன. ஆண்டுவிழாவுக்கு ஊழியர்களைக் கூட்டி மன அமைதி பற்றிச் சொற்பொழிவாற்ற அழைக்கிறவர் அப்படிப்பட்ட கடைக்காரராக இருந்தால், பேச ஒப்புக்கொள்வதற்கு முன் சுவாமிகள் கடையின் மூன்று தளங்களையும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு, எத்தனை முக்காலி கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டு வரட்டும்.